பேக்லிங்க்கைக் கையாலேயே கட்டினால் பலன் உண்டா? பீன்யா பட்டறைக்காரனின் சந்தேகம்

பட்டறைக்காரன் | செவ்வாய், இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் பீன்யாவில் ஒன்பது வருடமாக ஓட்டல் அடுப்படிச் சாமான் செய்கிறோம். தோசைக்கல் பதித்த அடுப்பு, இட்லி பாய்லர், புகைக்கூண்டு, சிங்க் இதெல்லாம். தெருவுக்கு ஒரு தர்ஷினி (நின்றுகொண்டே சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) இருக்கிற ஊர் என்பதால் வயிற்றுப்பாட்டுக்குக் குறை இல்லை. ஆனால் புதிதாக ஓட்டல் போடுகிறவர்கள் இப்போது யாரையும் விசாரிப்பதில்லை, நேரே கூகுளில் தேடுகிறார்கள். அங்கே நான் மூன்றாம் பக்கத்தில் கிடக்கிறேன். மூன்றாம் பக்கம் என்றால் சுடுகாட்டுக்குப் பின்னால் கடை போட்ட மாதிரி.

போன வாரம் ஒரு கம்பெனியிலிருந்து போன். மாதம் 12,000 ரூபாய், 500 பேக்லிங்க் (மற்றவர்கள் தளத்திலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்), எல்லாம் 'டிஏ 50க்கு மேல்', 90 நாளில் முதல் பக்கம் என்றார்கள். தங்கை மகன் பிசிஏ படிக்கிறான். அவன், "அதெல்லாம் ஏமாற்று வேலை மாமா, நாமே கையால் போடலாம்" என்று யூடியூபைப் பார்த்து ஆரம்பித்துவிட்டான். எட்டு நாளாக, ராத்திரி சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து 64 தளங்களில் கணக்குத் திறந்து கம்பெனி பெயர், முகவரி, லிங்க் எல்லாம் நிரப்பியிருக்கிறோம். அதில் ஒன்று போலந்து நாட்டு மீன்பிடி மன்றம். அங்கே என் புரொஃபைலில் தோசைக்கல் படம் தொங்குகிறது.

இந்தக் கைவேலைக்குப் பலன் உண்டா, இல்லை 12,000 கொடுத்துத் தொலைத்துவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லிங்க் கூலி | செவ்வாய், இரவு 11.25

மீன்பிடி மன்றம் என்றதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது அண்ணா.

2010இல் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு மாடி ஆபீஸில் சேர்ந்தேன். பதினான்கு பேர், பதினான்கு கம்ப்யூட்டர், ஒரே ஒரு மின்விசிறி. ஆளுக்குத் தினம் 40 டைரக்டரியிலும் (தளங்களைப் பட்டியல் போடும் தளம்) 20 புக்மார்க் தளத்திலும் லிங்க் போட வேண்டும், அதோடு 5 கட்டுரை. கட்டுரை என்றால் புதிதாக எழுதுவதில்லை. ஒரே கட்டுரையை வார்த்தை மாற்றி மாற்றி ஐந்தாக்குவது. எக்செல் தாளில் தேதி, தளம், லிங்க் வைத்த சொல், நிலை என்று நாலு கட்டம். ஒப்புதல் வந்தால் பச்சை, வராவிட்டால் மஞ்சள். சாயங்காலம் ஆறு மணிக்கு டீம் லீடர் பின்னால் வந்து நின்று பச்சையை மட்டும் எண்ணுவார். நாள் முழுக்க நெளிந்த எழுத்துக் கேப்ட்சா பார்த்துப் பார்த்து, வீட்டுக்குப் போகும்போது பஸ் போர்டுகூட நெளிவதுபோல் தெரியும்.

எனக்கு வந்தது லண்டன் பூக்கடை ஒன்று. லிங்க் வைக்கும் சொல் எப்போதும் அதே மூன்று வார்த்தைதான், ஒரு எழுத்து மாறக்கூடாது. அதுதான் பின்னால் கழுத்தைப் பிடித்தது. 2012 ஏப்ரல் 24ஆம் தேதி கூகுள் செயற்கையாகக் கட்டிய லிங்க்குகளைப் பிடிக்கும் பெங்குவின் என்ற வடிகட்டியை இறக்கியது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதம் பாதிக்கப்படும் என்று கூகுளே சொன்னது. அந்த 3.1க்குள் எங்கள் பூக்கடையும் இருந்தது.

அடுத்த ஆறு மாதம் எங்களுக்கு என்ன வேலை தெரியுமா? போட்ட லிங்க்கையெல்லாம் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சி மெயில் எழுதுவது. அதே எக்செல், ஐந்தாவதாக 'நீக்கியாயிற்றா' என்று ஒரு கட்டம் மட்டும் கூடுதல். இப்போதும் பச்சையைத்தான் எண்ணினார்கள்! சில டைரக்டரிக்காரர்கள் எடுப்பதற்குக் காசு கேட்டார்கள். அக்டோபரில் கூகுள் 'இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே' என்று நாமே பட்டியல் கொடுக்கும் டிஸ்அவோ வசதியைத் தந்ததும்தான் மூச்சு வந்தது. அப்படியும் அடிவாங்கிய தளம் எழ வேண்டுமென்றால் பெங்குவின் அடுத்த முறை ஓடும் வரை காத்திருக்க வேண்டும். 2014 அக்டோபரில் ஓடியது, அதற்கப்புறம் 2016 செப்டம்பரில்தான். ஏறக்குறைய இரண்டு வருடம் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு ஈ ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் 64க்கு வருகிறேன். 2016க்குப் பிறகு இந்த மாதிரி லிங்க்குகளுக்குக் கூகுள் பெரும்பாலும் தண்டனை கொடுப்பதில்லை, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. அதனால் பயப்பட வேண்டாம். அதே காரணத்தால் உப்புக்கும் பெறாது.

சில்க்போர்ட் சிக்னல் | புதன், காலை 8.10

இன்னுமா லிங்க் கட்டுகிறீர்கள்? கூகுளின் கேரி இல்யெஸே 2023இல், தரவரிசைக்கான முதல் மூன்று காரணங்களில் லிங்க் இல்லை என்று மேடையில் சொல்லிவிட்டார். இப்போது தேடினால் மேலே ஏஐ பதில் வருகிறது, அதற்குக் கீழே யார் போகிறார்கள்? 12,000க்கு ஒரு ஆளைப் பிடித்துத் தோசை ஊற்றும் ரீல்ஸ் போடுங்கள் ப்ரோ. முறுகலாக வருகிற சத்தத்துக்கே ஆர்டர் வரும்.

டொம்லூர் கவி | புதன், காலை 9.35

சிக்னல் சொல்வது பாதி சரி. லிங்க்கை அளவுக்கு மீறிப் பெரிதாக நினைக்கிறார்கள் என்றுதான் இல்யெஸ் சொன்னார், முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை. பத்து வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், சமையல் சாமான் விற்கிறவர்களுக்கும் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் சார்.

1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் கூகுளைக் கட்டியபோது அடிப்படையாக வைத்த யோசனை இதுதான்: ஆராய்ச்சிக் கட்டுரையை மற்றவர்கள் மேற்கோள் காட்டுவது போல, ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் கொடுக்கும் லிங்க்கும் ஒரு சாட்சி. ஆனால் எல்லாச் சாட்சியும் ஒன்றல்ல. லிங்க் கொடுக்கிற பக்கத்துக்கு முதலில் பிறரிடமிருந்து மதிப்பு வந்திருக்க வேண்டும். அந்த மதிப்பு அது கொடுக்கிற எல்லா லிங்க்குக்கும் பங்காகிப் போகும். உங்கள் மீன்பிடி மன்றப் புரொஃபைலுக்கு யாராவது லிங்க் கொடுத்திருக்கிறார்களா? இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அடுத்தது, அந்த 64இல் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, மௌஸின் வலது பட்டனை அழுத்தி, மூல நிரலைப் பாருங்கள். உங்கள் முகவரிக்குப் பக்கத்தில் 'நோஃபாலோ' அல்லது 'யூஜிசி' என்று இருக்கும். கமெண்ட்டில் லிங்க் ஒட்டுகிற தொல்லை தாங்காமல் 2005 ஜனவரியில் கூகுளும் யாஹூவும் எம்எஸ்என்னும் சேர்ந்து கொண்டுவந்ததுதான் நோஃபாலோ, அதாவது 'இந்த லிங்க்குக்கு மதிப்புக் கொடுக்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் அடையாளம். 2019இல் அதோடு, காசு வாங்கிய லிங்க்குக்கு 'ஸ்பான்சர்ட்', வாசகர் போட்டதற்கு 'யூஜிசி' என்று இன்னும் இரண்டு அடையாளம் வந்தன. இப்போது இவற்றைக் கூகுள் கட்டளையாக எடுப்பதில்லை, ஒரு குறிப்பு என்ற அளவில் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் இதை நம்பி ராத்திரி கண்விழிக்க வேண்டாம்.

'டிஏ 50' என்று போனில் சொன்னார்களே, அது கூகுளின் எண்ணே இல்லை. ஒரு தளத்துக்கு எவ்வளவு வலு என்று மோஸ் என்கிற தனியார் நிறுவனம் போடும் மார்க். அஹ்ரெஃப்ஸ் என்கிற வேறொரு நிறுவனம் 'டிஆர்' என்று இன்னொரு மார்க் போடுகிறது. நூறுக்கு இத்தனை என்று நாமே ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். காலாவதியான பழைய டொமைனை (தள முகவரியை) வாங்கி அதன் மார்க்கைக் காட்டி லிங்க் விற்கிறவர்கள் நிறைய. 2024 மார்ச்சில் கூகுள் அதையும் பெயர் சொல்லியே ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது.

கடைசியாக, உங்களைத் தேடுகிறவர் பெங்களூருக்குள் இருக்கிறவர். மேலே மேப்போடு மூன்று கடை வருகிறதல்லவா, அங்கே கூகுள் பார்ப்பது பொருத்தம், தூரம், பிரபலம். கூகுளில் உங்கள் கடை விவரம் காட்டும் பிசினஸ் புரொஃபைலில் வகையைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா? 64 தளங்களிலும் முகவரியை ஒரே மாதிரி எழுதினீர்களா, இல்லை ஒன்றில் 'இரண்டாம் கட்டம்', இன்னொன்றில் 'செகண்ட் ஸ்டேஜ்' என்றா?

பட்டறைக்காரன் | புதன், மதியம் 1.50

கவி மேடம், மூல நிரலைப் பார்த்தோம். 64இல் 51 நோஃபாலோ. ஒன்பது பக்கம் திறக்கவே இல்லை. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முகவரி மூன்று விதமாக இருக்கிறது. பிசினஸ் புரொஃபைலில் வகை 'ஸ்டீல் ஃபேப்ரிகேட்டர்' என்று கிடக்கிறது, கேட்டும் கிரில்லும் செய்வாயா என்று வாரத்துக்கு நாலு போன் வருவது இதனால்தான் போல. அதை மாற்றிவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நல்ல தளம் நல்ல தளம் என்கிறீர்கள். தோசைக்கல்லுக்கு யார் மேடம் லிங்க் கொடுப்பார்கள்?

அல்சூர் ஏரிக்கரை | புதன், மாலை 6.15

நான் லிங்க் கட்டுகிறவன் இல்லை, லிங்க் கேட்டு வருகிறவர்களிடம் மாட்டிக்கொண்டவன். ஓய்வுபெற்ற பிறகு அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துப் பழைய தமிழ்ப் பள்ளிகள், கோயில்கள், அச்சகங்கள் பற்றி எழுதி ஒரு தளம் வைத்திருக்கிறேன். தினம் ஏழெட்டு மெயில் வரும். "உங்கள் அருமையான கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன்" என்று தொடங்கும். எந்தக் கட்டுரை என்று எழுத மாட்டார்கள். ஒருவர், சிமென்ட் திருவள்ளுவர் சிலை பற்றி நான் எழுதியது தமது டைல்ஸ் தளத்துக்குப் பொருத்தமாக இருப்பதாக எழுதியிருந்தார். நான் எழுதியது 2009இல் ஏரிக்கரையில் திறந்த வெண்கலச் சிலை பற்றி.

ஒரு தவறும் செய்தேன், சொல்லிவிடுகிறேன். ஒருவர் 3,000 ரூபாய் தருவதாகச் சொல்லி ஒரு பழைய கட்டுரைக்குள் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பயணத் தளம் என்றார். சேர்த்தேன். நாலு மாதம் கழித்து ஒரு வாசகர் போன் செய்து, "ஐயா, கோயில் கட்டுரையில் சூதாட்டத் தளம் திறக்கிறதே" என்றார். அந்த முகவரியைப் பின்னால் மாற்றிவிட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பட்ட வெட்கம்!

இத்தனை வருடத்தில் நான் மனமுவந்து லிங்க் கொடுத்தது ஒரே ஒரு மெயிலுக்கு. ஒரு பெண் எழுதியிருந்தார்: இன்ன பக்கத்தில், மூன்றாம் பத்தியில், நீங்கள் கொடுத்திருக்கிற பழைய வரைபடத்தின் லிங்க் செத்துவிட்டது, அதன் பழைய பிரதி வேபேக் மெஷினில் (பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் தளம்) இங்கே இருக்கிறது, அதே பகுதிக்கு நானும் ஒரு வரைபடம் போட்டிருக்கிறேன், பிடித்தால் சேருங்கள். நாலே வரி. படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தது. இரண்டையும் சேர்த்தேன்.

ரேங்க் ராஜா 24x7 | புதன், இரவு 7.02

[இந்தப் பதிவு நிர்வாகியால் நீக்கப்பட்டது]

நிர்வாகி | புதன், இரவு 7.05

'1000 லிங்க் 1,999 ரூபாய், தனிச்செய்தி அனுப்பவும்' என்று இந்த இழையிலேயே வந்து போடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். நண்பர்களே, இந்த மன்றத்தில் யார் லிங்க் போட்டாலும் அது நோஃபாலோதான்.

பழைய லிங்க் கூலி | புதன், இரவு 10.30

யார் கொடுப்பார்கள் என்று கேட்டீர்களே அண்ணா. உங்கள் பில் புத்தகத்தை எடுங்கள். யாரிடம் ஷீட் வாங்குகிறீர்கள்? பர்னர், கேஸ் வால்வு எங்கிருந்து வருகிறது? யாருக்கு அடுப்படி கட்டிக்கொடுத்தீர்கள்? அதில் எத்தனை பேருக்குத் தளம் இருக்கிறது? அந்தப் பட்டியல்தான் உங்கள் எக்செல். நாங்கள் பதினான்கு பேர் இரண்டு வருடம் முன்பின் தெரியாதவர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். உங்களைத் தெரிந்தவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள்.

பீன்யாவில் மெயில் அனுப்பிக் காத்திருக்காதீர்கள், யாரும் திறக்க மாட்டார்கள். முதலில் போன், அப்புறம் வாட்ஸப்பில் என்ன எழுத வேண்டும், எந்தப் பக்கத்துக்கு லிங்க் என்று தட்டி அனுப்புங்கள். அவர்கள் தளத்தைப் பார்க்கிற பையன் அப்படியே ஒட்டிவிடுவான். கன்னடத்திலும் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பேருக்கு அதுதான் வசதி. லிங்க் வைக்கும் சொல்லை மட்டும் நீங்கள் நிர்ணயிக்காதீர்கள். ஒருவர் உங்கள் கம்பெனி பெயரை வைப்பார், ஒருவர் 'இங்கே பாருங்கள்' என்று வைப்பார். வைக்கட்டும். எல்லாம் 'பெஸ்ட் தோசைக்கல் பெங்களூர்' என்று வந்தால் நம் பூக்கடைக் கதைதான்.

சில்க்போர்ட் சிக்னல் | வியாழன், காலை 8.20

ஷீட் டீலருக்கு இவர் லிங்க் கொடுத்து, அவர் இவருக்குக் கொடுத்தால் அது கொடுக்கல் வாங்கல் இல்லையா? கூகுள் விதியில் அதுவும் தப்பு என்று படித்திருக்கிறேன்.

டொம்லூர் கவி | வியாழன், காலை 9.50

'அளவுக்கு மீறி' மாற்றிக்கொள்வதுதான் தப்பு. லிங்க் மாற்றுவதற்காகவே 'நண்பர்கள்' என்று ஒரு பக்கம் வைத்து நூறு பேரை அடுக்குவார்களே, அது. ஒன்பது வருடமாகச் சரக்கு வாங்குகிற டீலரும் நீங்களும் ஒருவரை ஒருவர் குறிப்பிடுவது உலகத்தில் நடக்கிற விஷயம்.

ஆனால் காசோ பொருளோ இலவச வேலையோ கொடுத்து வாங்கினால் அது விலைக்கு வாங்கிய லிங்க், அதற்கு 'ஸ்பான்சர்ட்' அடையாளம் வேண்டும். ஊரார் பிளாக்கில் கட்டுரை எழுதிக்கொடுத்து அதில் லிங்க் சொருகுவதையும் மொத்தமாகச் செய்யாதீர்கள். கூகுளில் ஸ்பேம் குழுவை நடத்திய மாட் கட்ஸ் 2014 ஜனவரியிலேயே அதற்குப் பால் ஊற்றிவிட்டார்.

இன்னொன்று சார். கேட்டு வாங்குகிற லிங்க் பத்துப் பதினைந்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கேட்காமலே வர வேண்டுமென்றால் உங்கள் தளத்தில் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இப்போது பார்த்தேன், 'எங்களைப் பற்றி', 'பொருள்கள்', 'தொடர்புக்கு'. அதில் எதற்கு ஒருவர் லிங்க் கொடுப்பார்? ஓட்டல்காரர் உங்களிடம் அடிக்கடி போனில் கேட்கிற கேள்வி எது?

பட்டறைக்காரன் | வியாழன், இரவு 10.05

சந்தேகமே இல்லை. "கல் புதுசு, தோசை ஒட்டுகிறது." டெலிவரி ஆன மறுநாள் காலை ஆறரைக்கு வரும் அந்த போன்.

டொம்லூர் கவி | வியாழன், இரவு 10.20

அதை எழுதுங்கள்.

பட்டறைக்காரன் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

எல்லாருக்கும் கணக்கு ஒப்பிக்க வந்திருக்கிறேன்.

பில் புத்தகத்திலிருந்து 38 பேரைப் பட்டியல் போட்டோம். 17 பேருக்குத்தான் தளம் இருந்தது. 11 பேரிடம் நானே பேசினேன். கிடைத்தது ஐந்து. ஷீட் டீலர் 'எங்கள் வாடிக்கையாளர்கள்' பக்கத்தில் சேர்த்தார். நான் சந்தா கட்டுகிற தொழில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் என் பெயர் இருந்தது, தள முகவரி மட்டும் இல்லை. ஆறு வருடமாக யாரும் கேட்கவில்லையாம்! ஒரு அடுப்படி வடிவமைப்பாளர் நாங்கள் சேர்ந்து செய்த ஓட்டலின் படத்துக்குக் கீழே என் பெயரைப் போட்டார். இரண்டு ஓட்டல்காரர்கள் தங்கள் அடுப்படி பற்றிய பக்கத்தில் சேர்த்தார்கள். மூன்றாவதாக ஒருவர், "லிங்க் போடுகிறேன், அந்தப் பழைய பர்னரைச் சும்மா மாற்றிக்கொடு" என்றார். கவி மேடம் சொன்ன ஸ்பான்சர்ட் ஞாபகம் வந்தது. மாற்றிக்கொடுத்தேன், லிங்க் வேண்டாம் என்றுவிட்டேன். பழைய வாடிக்கை.

தோசைக்கல் பழக்குகிற பக்கத்தை எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயை முதலில் எப்படி எடுப்பது, கல்லைச் சூடேற்றி ஆற்றி மறுபடி சூடேற்றுவது, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்ப்பது, முதல் ஈடு தோசையைத் தூக்கிப்போட மனசு வருவது, இதற்கெல்லாம் பையன் படம் எடுத்தான். எங்கள் வெல்டர் கை மட்டும் பதினொரு படத்தில் வருகிறது. யாரிடமும் கேட்காமலே கேட்டரிங் கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணவர்களுக்கான குறிப்பில் அந்தப் பக்கத்தைச் சேர்த்திருக்கிறார். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் லிங்க் பகுதியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. என் பக்கத்தைக் காட்டி ஒரு வகுப்பு நடக்கிறது என்றதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பலன்? மூன்றாம் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்தின் நடுவுக்கு வந்திருக்கிறேன். முதல் பக்கம் இன்னும் இல்லை. மேப்பில் பீன்யா, யஷ்வந்த்பூர், ராஜாஜிநகர் பக்கம் தேடினால் முதல் மூன்றில் வருகிறேன், அது வகையை மாற்றியதாலா லிங்க்காலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கிரில் கேட்டு வருகிற போன் நின்றுவிட்டது. ஓசூரிலிருந்து ஒருவர் கல் பழக்குகிற பக்கத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட்டு, நாலடிக் கல் இரண்டு ஆர்டர் கொடுத்தார். 12,000 கம்பெனி இன்னும் வாரம் ஒருமுறை போன் செய்கிறது. இப்போது பையன்தான் எடுக்கிறான். "உங்கள் லிங்க் நோஃபாலோவா சார்?" என்று கேட்டால் வைத்துவிடுகிறார்களாம்.

பழைய லிங்க் கூலி | ஞாயிறு, மாலை 5.10

ஏழு வாரத்தில் ஆறு லிங்க். எங்கள் டீம் லீடர் இருந்திருந்தால் உங்களை அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பார் அண்ணா.

சில்க்போர்ட் சிக்னல் | ஞாயிறு, இரவு 8.45

ரீல்ஸ் விஷயத்தில் நான் பின்வாங்கவில்லை. ஆனால் வேறு ஒன்று. வீட்டில் இரும்புக் கல் வாங்கி ஒரு மாதம் ஆகிறது, நடுவில் மட்டும் தோசை பிய்ந்து வருகிறது. அம்மா என்னைத்தான் திட்டுகிறார். அந்தப் பக்கத்தை இங்கே போடுங்களேன்.

பட்டறைக்காரன் | ஞாயிறு, இரவு 8.52

நிர்வாகி சார், போடலாமா?

நிர்வாகி | ஞாயிறு, இரவு 8.55

தாராளமாக. நோஃபாலோதான்.